குளூட்டன் நீக்கிய உணவு: சீலியாக் நோய் இல்லாதவர்களுக்கு அது தேவையா?

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இயல்பாக உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை நீக்கியோ, அத்தானியங்களையே தவிர்த்தோ செய்யப்படும் உணவுப் பொருள்கள் தொடக்கத்தில் சீலியாக் என்னும் குடல்நோய் உள்ளவர்களுக்காக மட்டுமே உருவானவை. அந்நோய் இல்லாதவர்களும் உடல்நலத்தின் பொருட்டு அவற்றைத் தேடி வாங்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியதாகும். அமெரிக்க அரசின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் இம்மாற்றம் தெளிவாகப் பதிவாகியுள்ளது: 2009-10க்கும் 2013-14க்கும் இடையே அந்நாட்டில் சீலியாக் நோயின் பரவல் ஏறத்தாழ அப்படியே இருக்க, நோயின்றியே குளூட்டனைத் தவிர்ப்போரின் பங்கு 0.52 விழுக்காட்டிலிருந்து 1.69 விழுக்காடாக, அதாவது மூன்று மடங்குக்கு மேல், உயர்ந்தது. இன்று சென்னை, கோவை போன்ற நகரங்களின் பல்பொருள் அங்காடிகளிலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரை பொறித்த பிஸ்கட், பிரெட், பாஸ்தா, ஆயத்த மாவு வகைகள் எளிதில் கிடைக்கின்றன. வழக்கமான பொருளைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்படும் அந்த விலைக்கு ஈடாக, நோயில்லாத ஒருவருக்கு எந்த நன்மை கிட்டுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

குளூட்டன் என்பது இன்னதென்று காண ஆய்வகம் வேண்டியதில்லை. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அவ்வுருண்டையை நீரில் மெல்லக் கசக்கிக் கழுவிக்கொண்டே இருந்தால், மாவுச்சத்து பால்போலக் கரைந்து வெளியேறிவிட, சவ்வு மிட்டாய்போல் இழுபடும் சாம்பல் நிறப் பசைத்திரள் ஒன்று கையில் எஞ்சும். இத்தாலியின் பொலோனியா நகர அறிஞர் யாக்கோபோ பெக்காரி 1728இல் இவ்வாறே அதைப் பிரித்து விளக்கினார். அவருடைய உரை 1745இல் அச்சேறியது. கிளையாடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் நீருடன் கலந்து பிசையப்படும்போது வலைபோலப் பின்னிக்கொள்வதால் உருவாகும் அமைப்பு இது. முன்னது மாவுக்கு நீளும் தன்மையையும், பின்னது மீளும் தன்மையையும் தருகின்றன. பரோட்டா மாஸ்டர் எண்ணெய் தடவிய மேடையில் ஓர் உருண்டையை வீசி வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய துணிபோல் விரிக்கும்போது அது கிழியாமல் நிற்பது இந்த வலையின் வலிமையால்தான். அரிசி மாவையோ ராகி மாவையோ அப்படி வீச இயலாததற்குக் காரணமும் அவ்வலை அவற்றில் இல்லாமையே. குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் செறிந்திருப்பதால், மனிதச் செரிமான நொதிகளால் அதை முழுமையாக உடைக்க முடிவதில்லை. இந்த உண்மையை எடுத்துக்காட்டியே குளூட்டன் எல்லார்க்கும் கேடு என்று வாதிடும் நூல்கள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் உடையாது எஞ்சும் அத்துணுக்குகள் மிகப் பெரும்பாலானோரின் குடலில் எந்தத் தீங்கும் விளைவிக்காமல் கடந்து போகின்றன என்பதும் அதே அளவுக்கு உறுதியான உண்மையாகும்.

தீங்கு விளைவது சீலியாக் நோயாளர்களிடம்தான். உடலின் தடுப்பாற்றல் தன் திசுக்களையே தாக்கும் தன்தடுப்பாற்றல் நோய்களுள் ஒன்றான இதில், குளூட்டன் துணுக்குகளைப் பகைப்பொருளாகக் கருதும் தடுப்பாற்றல் அணுக்கள் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சும் பரப்பைப் பெருக்குவதற்காக விரல்கள்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இதனால் தேய்ந்து தட்டையாகிவிட, இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் முதலியவை உடலில் சேராமல் போகின்றன. வயிற்றுப்போக்கும் எடையிழப்பும் மட்டுமின்றி, காரணம் தெரியாத இரத்தசோகை, எலும்புத் தேய்மானம், குழந்தைகளின் வளர்ச்சிக்குறை ஆகியவையும் இந்நோயின் வெளிப்பாடுகளாகலாம். நோயின் குறிகளை 1888இல் ஆங்கிலேய மருத்துவர் சாமுவேல் ஜீ செவ்வனே விவரித்திருந்தாலும், கோதுமையே அதற்குக் காரணம் என்பதை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே ஆவார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதிருந்தபோது தேறியிருந்த நோயுற்ற குழந்தைகள், ரொட்டி மீண்டும் வந்ததும் மறுபடி நலிந்தது அந்த ஐயத்தை வலுப்படுத்தியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் முறையான சோதனைகளால் அதை மெய்ப்பித்தார். குளூட்டனை வாழ்நாள் முழுவதும் அறவே விலக்குவது ஒன்றே இந்நோய்க்கு இன்றளவும் உள்ள சிகிச்சை. இவர்களுக்குக் குளூட்டன் நீக்கிய உணவு மருந்துக்கு நிகரானது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடே இல்லை.

எத்தனை பேருக்கு இந்நோய் உள்ளது என்பதைக் கவனித்தால், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வியப்பூட்டும் ஒரு விவரம் கிடைக்கிறது. திசு ஆய்வால் உறுதி செய்யப்பட்ட கணக்குப்படி உலக மக்களுள் ஏறத்தாழ 0.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வடக்கே ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு மேல் காணப்பட்ட இந்நோய், தெற்கே பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே காணப்பட்டது. மரபணு வேறுபாட்டால் இதை விளக்க முடியவில்லை. ஏனெனில் இந்நோய்க்கு இன்றியமையாத எச்.எல்.ஏ. டி.க்யூ2, டி.க்யூ8 என்னும் மரபுக்கூறுகளைக் கொண்டோர் வடக்கே 38.1 விழுக்காடும் தெற்கே 36.4 விழுக்காடும் இருந்தனர். பெரிதும் வேறுபட்டது கோதுமைதான்: நாளொன்றுக்குச் சராசரியாக வடக்கே 455 கிராம் உண்ணப்பட்ட கோதுமை, தெற்கே வெறும் 25 கிராமாக இருந்தது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். தமிழ்நாட்டில் வயிற்று உப்புசமோ சோர்வோ உள்ள ஒருவருக்கு அது சீலியாக் நோயாக இருக்கும் வாய்ப்பு இன்றைய நிலையில் மிகக் குறைவு என்பது ஒன்று. இரவு உணவு சப்பாத்தியாகவும் பரோட்டாவாகவும் மாறிவரும் குடும்பங்களில், மரபணு ஏற்கெனவே இருக்க, கோதுமை மட்டும் பெருகினால் இந்த நிலை நீடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பது மற்றொன்று. அரிதான நோய் என்ற எண்ணத்தாலேயே மருத்துவர்கள் அதை நினைத்துப் பாராமல் விட்டுவிடும் வாய்ப்பும் உண்டு.

சீலியாக் நோய் இல்லாவிடினும் கோதுமையைத் தவிர்க்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கின்றனர். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதை உண்டவுடன் தடிப்பு, மூச்சுத்திணறல் போன்றவை ஏற்படலாம். எனினும் அவர்களது பகை கோதுமையே அன்றிக் குளூட்டன் உள்ள தானியங்கள் அனைத்தும் அல்ல. தோலில் அரிப்புடன் கொப்புளங்களாக வெளிப்படும் ஒரு நோயும், நடைத் தள்ளாட்டத்தை உண்டாக்கும் அரிய நரம்புக் கோளாறு ஒன்றும் குளூட்டனோடு தொடர்புடையவை. இவை யாவும் மருத்துவரால் கண்டறியப்பட வேண்டியவை.

உண்மையான சிக்கல் தொடங்குவது இவற்றுக்கு அப்பால்தான். பரிசோதனைகள் அனைத்தும் சரியாக இருந்தும், கோதுமை உண்டால் வயிறு உப்புகிறது, மனம் மந்தமாகிறது, உடல் அசதியாகிறது என்றும், அதை விட்டால் நலமாக உள்ளது என்றும் கூறுவோர் பலர். இந்நிலைக்குச் ‘சீலியாக் அல்லாத குளூட்டன் கூருணர்வு’ என்று பெயரிடப்பட்டுள்ளது. இதை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனையோ வேறு அடையாளமோ இல்லாததால், உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் எது குளூட்டன் உணவு என்று தெரியாதபடி நடத்தப்படும் இரட்டை மறைப்பு ஆய்வுகளையே நம்ப வேண்டியுள்ளது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2011இல் 34 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில் குளூட்டன் உண்டவர்களுக்குத் தொல்லை மிகுந்தது. குளூட்டன் கூருணர்வு உண்மையே என்ற கருத்துக்கு அது பெரும் வலுவூட்டியது. ஆனால் அதே குழு தன் முடிவைத் தானே ஐயுற்று, 2013இல் 37 பேரிடம் இன்னும் நுட்பமான சோதனை ஒன்றை நடத்தியது. குடலில் எளிதில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வாயுவை உண்டாக்கும் சிறு சர்க்கரைத் தொடர்களை, அதாவது ‘ஃபாட்மேப்’ எனச் சுருக்கமாக வழங்கப்படுபவற்றை, உணவிலிருந்து முதலில் குறைத்தபோது ஏறத்தாழ எல்லாருமே தேறினர். அதன் பின்னர் மறைவாகக் குளூட்டனைக் கொடுத்தபோது அதற்கே உரிய தொல்லை பத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. தம் முந்தைய கண்டுபிடிப்பை இவ்வாறு தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மை, இத்துறையின் வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது.

அடுத்து நார்வேயின் ஆஸ்லோவில் நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு காரணம் குளூட்டன் அன்றி வேறொன்றோ என்ற ஐயத்துக்கு ஒரு பெயரும் கொடுத்தது. தாமாகவே குளூட்டனைக் கைவிட்டிருந்த 59 பேருக்கு, தோற்றத்திலும் சுவையிலும் ஒன்றுபோல் இருந்த தின்பண்டம் மூன்று வகைகளில் கொடுக்கப்பட்டது: ஒன்றில் குளூட்டன், மற்றொன்றில் ஃபிரக்டான் என்னும் நொதிக்கும் சர்க்கரைத் தொடர், மூன்றாவதில் இரண்டுமற்ற மருந்துப்போலி. மிகுதியான தொல்லை ஃபிரக்டானால் 24 பேருக்கும், மருந்துப்போலியால் 22 பேருக்கும், குளூட்டனால் 13 பேருக்கு மட்டுமே ஏற்பட்டது. கோதுமையில் குளூட்டனும் ஃபிரக்டானும் சேர்ந்தே இருப்பதால், கோதுமையை விட்டவர் அடையும் நிம்மதிக்குக் குளூட்டன் நீங்கியதே காரணம் என்று கொள்வது தவறான முடிவாகிவிடலாம். தமிழ்ச் சமையலில் இதன் பொருள் என்னவென்று எண்ணிப் பார்க்கத் தக்கது: ஃபிரக்டான் நிறைந்தவற்றுள் வெங்காயமும் பூண்டும் முதன்மையானவை. சப்பாத்தியைக் கைவிட்டு, விலை கூடிய குளூட்டன் நீக்கிய பிரெட்டை வாங்கும் ஒருவர், சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பாரையும் பூண்டுக் குழம்பையும் வழக்கம்போல் உண்டுகொண்டிருந்தால், அவரது உப்புசம் தீராமல் போவதில் வியப்பில்லை. எதிர்பார்ப்பும் இதில் தன் பங்கை ஆற்றுகிறது. 2024இல் வெளியான மற்றோர் ஐரோப்பிய ஆய்வில், குளூட்டன் உள்ள ரொட்டியை உண்டவர்களுக்குள்ளேயே, ‘இதில் குளூட்டன் உள்ளது’ என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தொல்லை மிகுந்தும், ‘இல்லை’ என்று சொல்லப்பட்டவர்களுக்குக் குறைந்தும் காணப்பட்டது. தீங்கு வரும் என்ற நம்பிக்கையே தீங்கின் உணர்வைத் தோற்றுவிப்பதை மருத்துவத்தில் நோசீபோ விளைவு என்பர். அவ்வாறு தோன்றும் வலியும் வலியே. அதைப் பாசாங்கு என்று ஒதுக்குவது அறமாகாது. ஆயினும் அதற்கான தீர்வு பல்பொருள் அங்காடியின் சிறப்பு அலமாரியில் இல்லை.

நோய்த் தொல்லை எதுவுமின்றி, பொதுவான உடல்நலத்துக்காகவே குளூட்டனை விடுவோரின் எதிர்பார்ப்புகளுக்கு ஆய்வுகள் இன்னும் குறைவாகவே ஆதரவு தருகின்றன. அமெரிக்காவில் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஏறத்தாழ 1,10,000 ஆண்களையும் பெண்களையும் 1986 முதல் 26 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குளூட்டனை மிகக் குறைவாக உண்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் குறைந்திருக்கவில்லை. மாறாக, குளூட்டனைத் தவிர்க்கும் முயற்சியில் முழுத்தானியத்தையும் இழப்பது இதயத்துக்குக் கேடாகலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். இக்காலக் கோதுமையில் குளூட்டன் பெருகிவிட்டது என்ற பரவலான கூற்றை, 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கோதுமை குறித்த தரவுகளை ஒப்பிட்ட வேளாண் அறிவியலாளர் டொனால்டு கசார்டா 2013இல் ஆராய்ந்து, அதற்குத் தெளிவான சான்று இல்லை என்று கண்டார். எடை குறைவது உண்மையில் நிகழக்கூடியதே. ஆனால் பரோட்டா, கேக், சமோசா, பப்ஸ் ஆகியவற்றை ஒருசேரக் கைவிடும் எவருக்கும் எடை குறையும், அதற்குக் குளூட்டனைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அவற்றுக்குப் பதிலாகக் குளூட்டன் நீக்கிய கேக்கையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டால் அந்தப் பயனும் போய்விடும்.

ஏனெனில் குளூட்டனை எடுத்துவிட்ட இடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவ்வுணவின் தரம் அமைகிறது. மாவைப் பிணைத்து நிறுத்தும் வலை இல்லாமல் போவதால், உற்பத்தியாளர் அரிசி மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, பிணைப்புக்காகச் சாந்தன் பசையையோ, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையையோ, இசப்கோல் உமியையோ சேர்க்கின்றனர்; வறண்டு உதிராமலும் சுவை குன்றாமலும் இருக்கக் கொழுப்பும் சர்க்கரையும் பெரும்பாலும் கூடுகின்றன. பிரிட்டனில் 1,700க்கும் மேற்பட்ட பொருள்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வின்படி, குளூட்டன் நீக்கிய பொருள்கள் சராசரியாக 159 விழுக்காடு கூடுதல் விலையுடையனவாக, அதாவது இரண்டரை மடங்கு விலையுடையனவாக, இருந்ததோடு, பல வகைகளில் புரதமும் நார்ச்சத்தும் குறைந்தும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்தும் காணப்பட்டன. மாவுச்சத்து மிகுந்த இத்தகைய பொருள் இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்தக்கூடியது என்பதை, நீரிழிவு பரவியுள்ள தமிழ்நாட்டில் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அரிசியை மிகுதியாகச் சார்ந்திருப்பதால் எழும் இன்னொரு சிக்கல் ஆர்சனிக் ஆகும். நீர் தேங்கிய வயலில் விளைவதால் நெற்பயிர் மண்ணிலுள்ள இந்நச்சுத் தனிமத்தைப் பிற தானியங்களைவிட எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில், குளூட்டனைத் தவிர்ப்போரின் சிறுநீரில் ஆர்சனிக் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எனினும் அவ்வாய்வில் குளூட்டனைத் தவிர்த்தோர் 73 பேரே என்பதால் அதைக் கொண்டு அச்சம் கொள்ள வேண்டியதில்லை. அரிசியை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடும் பழைய முறையால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி வெளியேறிவிடும் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. அரிசி மாவில் சுட்ட பிஸ்கட்டுக்கு அத்தகைய வடிப்பு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டு அடுக்களையை நோக்கினால், இம்முத்திரையின் தேவை மேலும் சுருங்குகிறது. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், அடை, புட்டு, பொங்கல், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி ஆகிய எதிலும் குளூட்டன் இயல்பாகவே இல்லை. தினை, சாமை, வரகு, குதிரைவாலி முதலிய சிறுதானியங்களிலும் இல்லை. அரிசியின் மீதும் பருப்பின் மீதும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டுக் கூடுதல் விலை கேட்பது, அதில் ஒருபோதும் இல்லாத ஒன்றை நீக்கியதற்காகப் பணம் கேட்பதாகும். இந்திய உணவுத் தரநிலையின்படி ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்கும் பொருளுக்கே அம்முத்திரை உரியது; அது சத்துக்கான சான்று அன்று. நோயாளருக்கு மட்டுமே அந்த அளவின் நுட்பம் இன்றியமையாதது: கோதுமை அரைத்த அதே மாவு மில்லில் அரைத்த ராகி மாவும், கட்டிப்படாமல் இருக்க மைதாவோ கோதுமை மாவோ கலந்து விற்கப்படும் கூட்டுப் பெருங்காயமும் அவர்களுக்குத் தீங்காகலாம். சாம்பாரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போடும் முன் அதன் உறையைத் திருப்பிப் படிக்க வேண்டிய நிலை அவர்களுடையது. மற்றவர்களுக்கு அந்தக் கவலை தேவையில்லை. கோதுமையைக் குறைக்க விரும்பும் நலமான ஒருவர் செய்யத்தக்கது ராகியையும் கம்பையும் நாடுவதே. இந்திய உணவுச் சத்து அட்டவணையின்படி தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து இருக்க, முழுக் கோதுமை மாவிலும் ராகியிலும் கம்பிலும் அது 11 கிராமை ஒட்டியுள்ளது. ராகியில் 364 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. கோதுமையை விட்டுத் தீட்டிய அரிசிக்கோ மரவள்ளி மாவுக்கோ மாறுபவர் இழப்பதும், ராகிக்கு மாறுபவர் பெறுவதும் இவ்வெண்களிலேயே தெரிகின்றன.

நோயில்லாதவர் இப்பொருள்களை வாங்குவதால் நோயாளருக்கு ஒரு நன்மை விளைந்துள்ளது என்பதையும் மறுப்பதற்கில்லை. தேவை பெருகியதால் வகைகளும் பெருகின. அமெரிக்காவில் விலை வேறுபாடும் 2006க்கும் 2016க்கும் இடையில் ஓரளவு குறைந்தது. அதே வேளையில், குளூட்டனைத் தவிர்ப்பது ஒரு நாகரிகம் என்றாகிவிட்டதால், உணவகத்தில் தன் நோயைச் சொல்லும் ஒருவரின் வேண்டுகோள் போதிய கவனம் பெறாமல் போகும் அபாயமும் வளர்ந்துள்ளது.

இவையனைத்திலும் மிகுந்த கேடு விளைவிக்கக்கூடியது, பரிசோதிக்கும் முன்பே குளூட்டனைக் கைவிடுவதாகும். சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, குளூட்டனை உண்ணும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களையே அளவிடுகிறது. குளூட்டன் நின்றுவிட்டால் அவை மெல்லக் குறைந்து, குடலுறிஞ்சிகளும் தேறத் தொடங்கிவிடுவதால், நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். அதனால்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுநெறி, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரங்களாவது நாள்தோறும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உள்ள உணவை உண்டு வரச் சொல்கிறது. ஒருமுறை விட்டு நிம்மதி கண்டவரால் ஆறு வாரம் மீண்டும் அதை உண்பது எளிதன்று. பலர் அதற்கு இணங்காமல், தமக்கு நோய் உண்டா இல்லையா என்பதை அறியாமலே ஆண்டுகளைக் கழிக்கின்றனர். நோய் உள்ளவருக்குத் தேவையான கண்டிப்பான விலக்கும், எலும்பு, இரத்தப் பரிசோதனைகளும், குடும்பத்தாரைச் சோதிப்பதும் அவர்களுக்குக் கிட்டாமல் போகின்றன. வளரும் குழந்தையின் உணவிலிருந்து கோதுமையைப் பெற்றோர் தாமே நீக்கிவிடுவது இக்காரணத்தால் இன்னும் பிழையானது.

ஆகவே சீலியாக் நோயோ கோதுமை ஒவ்வாமையோ குளூட்டனோடு தொடர்புடைய பிற நோயோ உறுதி செய்யப்படாதவருக்குக் குளூட்டன் நீக்கிய ஆயத்த உணவுகள் அவற்றின் விலைக்குத் தகுந்தவை அல்ல. கோதுமை உண்டால் உண்மையிலேயே தொல்லைப்படுவோர் அந்தக் கூடுதல் செலவைச் செய்யும் முன், கோதுமையை விடாமல் உண்டு வரும் நாள்களிலேயே மருத்துவரிடம் சென்று, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.